தொலைவில் ஒரு புள்ளி: போர் விமான சிமுலேட்டர்களும் யதார்த்தவாதமும்

போர் விமான சிமுலேட்டர்களில் ஈடுபாடு கொண்டவர்களிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு தீராமல் நடந்துகொண்டிருக்கிறது. தொலைவில் வரும் இன்னொரு விமானம் கணினித் திரையில் எந்தத் தூரத்தில் தெரியத் தொடங்க வேண்டும், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எப்போது தெரியாமல் போக வேண்டும் என்பதே வழக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஊசிமுனை அளவு விஷயம். அளவில் அது ஊசிமுனைதான். ஒரு பிக்சல் அல்லது இரண்டு பிக்சல். ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றி நடக்கும் வாதங்களைக் கவனிக்கும்போதெல்லாம், இலக்கியத்தில் நாம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவரும் கேள்வியைத்தான் இவர்களும் வேறொரு மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். உள்ளதை உள்ளபடி காட்டுவது என்றால் என்ன? அளந்து எடுத்ததை அப்படியே வைப்பதா, பார்த்தவனுடைய அனுபவத்தை மீட்டுத் தருவதா?

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையின் குறையால் இழந்ததை சிமுலேட்டர் ஈடுகட்டித் தர வேண்டும். மனிதக் கண்ணின் குறையால் இழக்க வேண்டியதை அது தொடக்கூடாது. இவ்விரண்டு இழப்புகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் இவ்வளவு நாள் சண்டைக்கும் காரணம்.

இந்த விளையாட்டுகளோடு பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். பொத்தானை அழுத்தியதும் எதிரி வெடித்துச் சிதறும் வகை விளையாட்டுகளைப் பற்றி நான் பேசவில்லை. 1998-இல் வெளிவந்த ஃபால்கன் 4.0, 2001-இல் ரஷ்யாவிலிருந்து வந்த ஐஎல்-2 ஸ்டுர்மோவிக், 2008-இல் பிளாக் ஷார்க் ஹெலிகாப்டரோடு தொடங்கிய டிசிஎஸ் வரிசை போன்றவை, ஒரு குறிப்பிட்ட விமானத்தை அதன் கையேட்டோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொல்பவை. அங்கே என்ஜின் சூடேறிச் செத்துப்போகும். ஓடுபாதையில் விசிறியின் முறுக்குவிசை விமானத்தை ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளும். இவற்றை ஆக்குபவர்கள் ஆவணக் காப்பகங்களில் பழைய சோதனைப் பறப்பு அறிக்கைகளைத் தேடிப் படிக்கிறார்கள். ஒரு வரலாற்று நாவலாசிரியன் தன் காலகட்டத்தின் உடையையும் நாணயத்தையும் சாலையையும் தேடிப் போவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இறக்கையின் ரிவெட் ஆணிகளை எண்ணி வைக்கும் இவர்களே, அந்த இறக்கை எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது எப்படித் தோன்றும் என்ற இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள்.

வான்போரின் வரலாற்றை ஓரளவு படித்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் சில்லறைக் குறையாகத் தெரியாது. முதல் உலகப் போர் தொட்டே விமானிகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த செய்தி ஒன்று உண்டு: சுட்டு வீழ்த்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தங்களைச் சுட்டவனைக் கண்ணால் காணவே இல்லை. திரைப்படங்கள் காட்டும் வளைந்து நெளிந்த துரத்தல்கள் விதிவிலக்குகள். பெரும்பாலும் நடந்தது வேறு. ஒருவன் முதலில் பார்த்தான், சூரியனைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கினான், அருகில் வந்து சுட்டான், போய்விட்டான். மற்றவனுக்குத் தன் விமானம் அதிர்ந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. யார் முதலில் பார்த்தார்கள் என்பதிலேயே போரின் பாதி முடிந்துவிடுகிறது.

விமானங்கள் அணிவகுத்துப் பறந்த முறைகளைப் பார்த்தாலே இது விளங்கும். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1938 வாக்கில் வெர்னர் மோல்டர்ஸும் அவருடைய ஜெர்மானியத் தோழர்களும் நான்கு விமானங்களை விரித்த கையின் விரல்நுனிகளைப் போல அகல நிறுத்திப் பறக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். ஒருவன் மற்றவனுடைய முதுகுப்புறத்தைப் பார்த்துக்கொள்ள அந்த இடைவெளி உதவியது. பிரிட்டிஷ் விமானப்படையோ மூன்று விமானங்கள் நெருங்கி அம்புமுனை போலப் பறக்கும் முறையோடு போருக்கு வந்தது. பக்கத்து விமானிகள் இருவரும் தலைவனுடைய இறக்கையில் இடித்துவிடாமல் இருப்பதிலேயே கண்ணைச் செலவழித்தார்கள். வானத்தைப் பார்க்க ஒருவன்தான் மிஞ்சினான். 1940 கோடையில் அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகு, எதிரியின் முறையையே அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கால விமானிகள் கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருப்பதைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். பின்னால் பார்க்க ஓயாமல் தலையைத் திருப்பித் திருப்பி, சட்டைக் கழுத்து உரசித் தோல் வழன்று போகாதிருக்க அணிந்தது அது.

ஆகவே, பார்வையைத் தவறாகக் காட்டும் சிமுலேட்டர் மற்ற எல்லாவற்றையும் சரியாகக் காட்டியும் பயனில்லை. எதிரி நாற்பது கிலோமீட்டரிலிருந்தே கரும்புள்ளியாகத் தெரிந்துவிட்டால், பதுங்கிப் பாய்தல் என்பதே இல்லாமல் போகிறது. நால்வர் அணிக்கும் சூரியனுக்கும் அர்த்தமில்லை. மூன்று கிலோமீட்டரில்கூடத் தெரியாவிட்டால், நிஜத்தில் தப்பித்திருக்கக்கூடியவன் இங்கே செத்துப்போகிறான். கண்ணைப் பயிற்றிவைத்ததற்குப் பலனில்லை. இரண்டு நிலைகளிலும் அந்த மனிதர்கள் ஏன் அப்படிப் பறந்தார்கள் என்பது நமக்குப் புரியாமலே போகும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு இல்லாமல் வாதம் நிற்காது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வருவது ஒரு கலை. நல்ல கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் அடிப்படையும் இதுவே. 1862-இல் ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர் வகுத்தது அது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 9.9 மீட்டர். பத்து கிலோமீட்டர் தூரத்தில் அது நம் கண்ணில் 3.4 கலை அளவு விரியும். சிறியதுதான், ஆனாலும் கண்ணின் எல்லைக்குள் இருக்கிறது.

இனி திரைக்கு வருவோம். அகலவாக்கில் 1920 பிக்சல்கள் கொண்ட ஒரு சாதாரணத் திரையில் 90 பாகை அகலமுள்ள உலகைக் காட்டினால், திரையின் நடுவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3.6 கலை அளவைத் தின்றுவிடுகிறது. பத்து கிலோமீட்டரில் அந்த முழு விமானமும் ஒரு பிக்சலுக்குக்கூடப் போதாது. மூன்று கிலோமீட்டரில் மூன்று பிக்சல். அந்தத் தூரத்தில் நிஜ விமானி, எதிரி வருகிறானா போகிறானா, எந்தப் பக்கம் சாய்ந்து திரும்புகிறான் என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடுவான். மூன்று பிக்சலில் எந்த ஓவியனாலும் சாய்ந்து திரும்பும் விமானத்தை வரைந்துவிட முடியாது. மருத்துவரின் மொழியில் சொன்னால், 6/6 பார்வை உள்ளவரை அழைத்து ஏறத்தாழ 6/21 பார்வையோடு போருக்கு அனுப்புகிறோம். அப்படிப்பட்டவரை எந்த விமானப்படையும் தேர்வறையிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

இன்னொரு சுருக்கமும் நடக்கிறது. 24 அங்குலத் திரையை இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், அது நம் கண்ணில் ஏறத்தாழ 48 பாகைதான் விரிகிறது. அந்த ஜன்னலுக்குள் 90 பாகை உலகைத் திணிக்கும்போது, நடுவில் உள்ள ஒவ்வொரு பொருளும் நிஜ அளவில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. காட்சியைப் பெரிதாக்கும் பொத்தான் உண்டே என்பார்கள். உண்டு. 30 பாகைக்குக் குறுக்கினால் ஒரு பிக்சல் ஒரு கலைக்கு வந்துவிடும். கண்ணின் கூர்மை கிடைத்துவிடும். ஆனால் அப்போது குழாய் வழியே உலகைப் பார்ப்பவனைப் போல ஆகிவிடுகிறோம். நிஜக் கண்ணுக்கு நடுவில் கூர்மையும் ஓரங்களில் விரிவும் ஒரே நேரத்தில் உண்டு. திரை ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பிடுங்கிக்கொள்கிறது. மெய்நிகர் தலைக்கவசங்கள் வந்தும் இது தீரவில்லை. பரவலாகப் புழங்குபவை ஒரு பாகைக்கு 20, 25 பிக்சல்தான் தருகின்றன. கண்ணின் கணக்கு 60.

இதற்கு எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விமானத்தை அதன் சரியான கோண அளவிலேயே வரைய வேண்டும், பெரிதாக்கினால் அது பொய் என்பது அவர்கள் கட்சி. வடிவியல் எங்கள் பக்கம் என்பார்கள். வடிவியல் அவர்கள் பக்கம்தான். ஆனால் கைபேசியில் முழுநிலவைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் இந்த வாதத்தின் ஓட்டையை உடனே உணர்வார்கள். வானத்தை நிறைத்துக்கொண்டு நின்ற நிலவு படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சுருங்கிக் கிடக்கும். கோணக் கணக்கில் பிழை இல்லை. இருந்தும் இதைத்தான் நான் பார்த்தேன் என்று யாரும் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வதில்லை.

பார்ப்பது என்பதிலும் இரண்டு வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. அங்கே ஏதோ இருக்கிறது என்று அறிவது ஒன்று. அது இன்னது என்று அறிவது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் ஒரு கலை என்ற எல்லை. முதலாவதற்கு அளவைவிட ஒளி வேறுபாடே முக்கியம். விண்மீன்கள் கண்ணின் எல்லையைவிடப் பல மடங்கு சிறியவை, இருந்தும் தெரிகின்றன. பிரகாசமான வானத்தின் முன்னால் நீண்ட கரிய கம்பியை, அதன் தடிமன் அரை விகலையாக, அதாவது ஒரு கலையில் நூற்றிருபதில் ஒரு பங்காக இருந்தாலும் கண் கண்டுகொள்ளும் என்று 1939-இலேயே ஹெக்ட், மின்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். தெருவில் நின்று வானத்தில் ஓடும் மின்கம்பியை அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் இது வியப்பாக இராது.

இந்த உண்மையைப் போர்க்களத்தில் பயன்படுத்திக்கொண்ட ஒரு கதையும் உண்டு. 1943-இல் அமெரிக்கக் கடற்படை ‘யெஹூடி’ என்ற பெயரில் ஒரு சோதனை செய்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்கப் போகும் விமானம் வானத்தின் முன்னால் கரும்புள்ளியாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. கப்பல் அதற்குள் மூழ்கிவிடுகிறது. அவர்கள் அவெஞ்சர் விமானத்தின் முன்புறத்தில் விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளியை வானத்தின் ஒளிக்குச் சமமாக்கினார்கள். விளக்கில்லாமல் ஏறத்தாழ 12 மைல் தூரத்தில் தெரிந்த விமானம், விளக்கேற்றியபின் 2 மைலுக்கு வரும்வரை தெரியவில்லை. விமானத்தின் அளவு மாறவே இல்லை. விளக்கேற்றி ஒளிந்துகொள்ளலாம் என்பதைக் கவிதையில் எழுதினால் முரண்தொடை என்று சொல்லிப் பாராட்டுவோம். இங்கே அது வெறும் இயற்பியல். மறுபக்கமும் உண்டு. வியட்நாம் போரில் எஃப்-4 ஃபேன்டம் விமானத்தின் என்ஜின்கள் கக்கிய கரும்புகை, விமானம் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும் அதைக் காட்டிக்கொடுத்தது. எதிரியின் மிக்-21 சிறியது, புகையும் குறைவு. அந்த வேறுபாட்டையும் ஒரு சிமுலேட்டர் சொல்லியாக வேண்டும்.

சிமுலேட்டர்கள் இந்தச் சிக்கலைக் கையாண்ட விதங்களைப் பார்த்தால் ஒரு சிறிய இலக்கிய வரலாறே தெரிகிறது. தொடக்க காலத்தில் தூரத்து விமானத்தை ஒரே ஒரு கரும்பிக்சலாகப் போட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை விளைந்தது. திரையின் தெளிதிறனைக் குறைத்தால் ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகும். எதிரியும் பெரிதாகத் தெரிவான். நல்ல திரை வாங்கியவன் குருடனானான். இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும்போது வெல்ல விரும்பியவர்கள் வேண்டுமென்றே படத்தை மங்கலாக்கிக்கொண்டார்கள். அழகைக் கொடுத்துக் கண்ணை வாங்கும் பேரம் அது. வேறு சிலவற்றில், விமானத்தின் தலைக்கு மேல் அதன் பெயரையும் தூரத்தையும் எழுதிக் காட்டும் வசதியை வைத்தார்கள். நாவலாசிரியன் நடுவில் புகுந்து ‘இவன்தான் வில்லன்’ என்று அடிக்குறிப்பு போடுவதைப் போன்றது இது. 2013-இல் முன்னோட்டமாக வந்த ஸ்டாலின்கிராட் போர் சிமுலேட்டரில் விமானங்கள் ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இல்லாமலே போயின. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வெட்டவெளியிலிருந்து முளைத்தன. பிற்பாடு அந்த எல்லையை விரித்தார்கள். டிசிஎஸ் 2023 இறுதியில் திரையின் தெளிதிறனுக்கேற்பப் புள்ளியின் அளவை மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. உடனே, தலைக்கவசம் அணிந்து ஆடுபவர்களுக்குப் புள்ளிகள் மிகப் பெரிதாகத் தெரிகின்றன என்ற புகார்கள் எழுந்தன.

இவற்றுக்கிடையே எனக்கு முக்கியமாகப் படுவது, 2003-இல் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு முதுகலை ஆய்வேடு. பயிற்சி சிமுலேட்டர்களில் எதிரி விமானம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதை விமானிகளால் நிஜத்தில் அறிவது போல அறிய முடியவில்லை என்பதிலிருந்து அது தொடங்குகிறது. தூரத்துக்கேற்ப விமானத்தின் படிமத்தைக் கணக்கிட்டுப் பெரிதாக்கினால் அந்த இழப்பை ஈடுசெய்யலாம் என்பது அதன் வழி. ஃபால்கன் 4.0-ஐ ஆர்வலர்கள் எடுத்து வளர்த்த பிஎம்எஸ் வடிவம் இந்தக் கருத்தைக் கையாண்டு பார்த்தது. வெல்வதற்காக வந்த யோசனை அல்ல இது. நிஜ விமானிகளின் கண்ணை அளவுகோலாக வைத்து வந்தது. அதனால்தான் இதை மதிக்கிறேன்.

இங்கேதான் தமிழ் வாத்தியாரின் குரல் எனக்குள் எழுகிறது. நம் அணியிலக்கணத்தில் தன்மை நவிற்சி என்றும் உயர்வு நவிற்சி என்றும் இரண்டு உண்டு. உள்ளதை உள்ளவாறே சொல்வது முதலாவது. மிகைப்படுத்திச் சொல்வது இரண்டாவது. வகுப்பில் இவற்றை எதிரெதிராக வைத்து நடத்துவதே வழக்கம். ஆனால் சொல்லும் கருவி குறையுடையதாக இருக்கும்போது உயர்வு நவிற்சியின் வழியாக மட்டுமே தன்மை நவிற்சியை அடைய முடியும். மேடை நடிகர் கண்ணுக்கு மை தீட்டுவது பத்தாம் வரிசைக்காரனுக்காக. அருகில் நின்று பார்த்தால் அது மிகை. பத்தாம் வரிசையில் அது வெறும் கண். விமானத்தின் படிமத்தை அளவறிந்து பெரிதாக்குவதும் அந்த மை போன்றதுதான். எந்த வரிசைக்கு எவ்வளவு என்று தெரிந்து தீட்ட வேண்டும். எல்லா முகத்திலும் அப்பிவிட்டால் கோமாளி வேடமாகிவிடும்.

அப்பிவிடுவதும் நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆடுபவர்களின் புகாருக்கு அஞ்சிப் புள்ளிகளைக் கறுப்பாக்கி, பெரிதாக்கி, காட்டின் முன்னாலும் கடலின் முன்னாலும் ஒரே போலத் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். கீழே மரங்களுக்கு மேலாகத் தாழப் பறக்கும் விமானம் நிஜத்தில் கண்ணுக்குச் சிக்குவது அரிது. பச்சையும் பழுப்புமாக வண்ணம் பூசியதே அதற்காகத்தான். வெற்று நீல வானமும் கண்ணை ஏமாற்றும். பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது கண் தன் குவியத்தை அறியாமலே அருகே இழுத்துக்கொள்கிறது. தொலைவில் இருப்பது மங்கிப்போகிறது. மோத வரும் விமானத்துக்கு இன்னொரு கொடுமை உண்டு. அது கண்ணாடியில் இடம் மாறுவதே இல்லை. ஒரே இடத்தில் நின்று மெல்லப் பெரிதாகும். அசைவதைப் பிடிக்கப் பழகிய கண் அசையாததைத் தவறவிடுகிறது. இவையெல்லாம் மனிதக் கண்ணின் இழப்புகள். இவற்றை ஈடுகட்ட சிமுலேட்டருக்கு உரிமை இல்லை. இந்தத் தவறவிடுதல்தான் அது சொல்ல வந்த கதை.

ஸ்டெந்தால் 1839-இல் எழுதிய ‘தி சார்ட்டர்ஹவுஸ் ஆஃப் பார்மா’ நாவலில் வாட்டர்லூ போர்க்களம் வருகிறது. கதாநாயகன் ஃபாப்ரிஸ் அந்தப் போருக்குள் அலைகிறான். புகை, சேறு, ஓடும் குதிரைகள். தான் பார்த்தது ஒரு போர்தானா என்பதே அவனுக்குத் தெளிவாகவில்லை. தல்ஸ்தோய் போரைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கங்களிடம் கற்றதாகச் சொன்னவர். ‘போரும் அமைதியும்’ நாவலில் பியேர் போரோதினோ களத்தில் தடுமாறி நிற்பதில் அந்தக் கல்வி தெரியும். அதற்கு முன் போர் என்பது தளபதியின் குன்றிலிருந்து பார்க்கப்பட்ட ஒன்று. வண்ணம் தீட்டிய வரைபடம். இவர்கள் அதைக் களத்தில் நிற்பவனுடைய அரைகுறைப் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க முடியாமையை எழுதியதால்தான் அந்தப் போர்கள் இன்றும் நமக்குள் நடக்கின்றன. தலைக்கு மேல் பெயர்ப்பலகை தொங்கும் விமானங்களும் நாற்பது கிலோமீட்டரிலிருந்து தெரியும் கரும்புள்ளிகளும் நம்மை மறுபடி தளபதியின் குன்றுக்கே ஏற்றிவிடுகின்றன.

அப்படியானால் என்ன செய்யலாம்? விமானம் தெரிவதும் தெரியாததும் பிக்சல் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கக் கூடாது. கோண அளவையும் ஒளி வேறுபாட்டையும் சார்ந்திருக்க வேண்டும். பின்னணியில் இருப்பது வானமா மேகமா காடா, சூரியன் எந்தப் பக்கம், மூட்டம் எவ்வளவு என்பதை வைத்து அந்த வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். நிஜ வானத்தின் ஒளியை எந்தத் திரையாலும் தர முடியாது. ஆகவே இறக்கை சூரியனை வாங்கி ஒரு நொடி மின்னுவதைத் திரையின் வரம்புக்குள் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் காட்ட வேண்டும். படிமத்தைப் பெரிதாக்குவது நடுத்தரத் தூரங்களுக்கு மட்டும் போதும். சுடும் தூரத்துக்குள் வந்ததும் நிஜ அளவுக்கு இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குறிபார்ப்பது பொய்யாகிவிடும். வெகுதொலைவில் அது மங்கி மறைய வேண்டும், வெட்டினாற்போல அல்ல.

எவ்வளவு பெரிதாக்குவது என்பதில் அவரவர் விருப்பம் புகுந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இது ரசனையைச் சார்ந்தது அல்ல, அளக்கக்கூடியது. பயிற்சி பெற்ற கண்கள் எந்த விமானத்தை எந்த வெளிச்சத்தில் எந்தத் தூரத்தில் கண்டுகொள்கின்றன என்பதைத் திறந்த வெளியில் அளந்துவிடலாம். யெஹூடி சோதனையே அத்தகைய அளவைதான். திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவர் அதே தூரத்தில் கண்டுகொள்கிறாரா என்று ஒப்பிடலாம். ஒவ்வொருவர் திரையும் வேறு என்பதும் உண்மை. அதற்கும் எளிய வழி உண்டு: முதல் பறப்புக்கு முன் சிமுலேட்டர் ஓர் எழுத்து அட்டையைக் காட்டட்டும். கண் மருத்துவரிடம் படிப்பது போல ஆடுபவர் படிக்கட்டும். அவருடைய திரை அவர் கண்ணிலிருந்து எவ்வளவு பறித்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். அவ்வளவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இது வெறும் விளையாட்டுதானே, இதற்கு இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1940-இல் பிரிட்டன் மீது நடந்த வான்போரில் பறந்த நேச நாட்டு விமானிகளில் கடைசியாக உயிரோடு இருந்தவர் ஜான் ‘பேடி’ ஹெமிங்வே என்ற அயர்லாந்துக்காரர். 2025 மார்ச் 17 அன்று, தம் 105-ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்த விமானங்கள் சில இன்றும் பறக்கின்றன. அவற்றின் என்ஜின் ஓசையைப் பதிவுசெய்யலாம், இறக்கையை அளக்கலாம். ஆனால் அந்த வானத்தை ஓயாமல் துழாவிய கண்களில், அவர் தரப்பில் இனி ஒன்றுகூட இல்லை. இப்படி இருக்கவில்லை என்று திருத்திச் சொல்ல யாரும் இல்லை. நினைவுக்குறிப்புகளைத் தேடிப் படிக்கும் இளைஞர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்று தெரியாது. அந்தப் போரை ஒரு சிமுலேட்டரின் ஜன்னல் வழியாக முதன்முதலில் சந்திக்கப்போகிறவர்கள் நிச்சயம் அதிகம்.

அவர்களுக்கு நாம் கொடுக்கப்போவது எதை? அழகிய மேகங்களையும் பிசகில்லாத ரிவெட்டுகளையும் கொடுத்துவிட்டு, பார்வையை மட்டும் பொய்யாகக் கொடுத்தால், இருபது வயதுப் பையன்கள் ஏன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் புண்ணாக்கிக்கொண்டார்கள் என்பது அவர்களுக்கு ஒருபோதும் விளங்காது. அவர்கள் செத்தது திறமைக் குறைவால் என்றே நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் செத்தது ஒரு புள்ளியைக் காணாததால். அந்தப் புள்ளியை அதற்குரிய தூரத்தில், அதற்குரிய மங்கலோடு வைப்பது, செத்தவர்களுக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச நியாயம்.